நோட்டுப் புத்தகத்தோடு ஃப்ரீடம் பார்க்குக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் கருத்துரிமைக்காக ஒரு கூட்டமோ பேரணியோ நடந்தால், போய்ப் பார்த்துத் தமிழில் எழுதலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐடி வேலைக்காக வந்து நாலைந்து வருடம் ஆனவர்களும் உண்டு; அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் மூன்று தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு. கேள்விகள் மட்டும் ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் பகலில் கணக்கு எழுதுபவன், ராத்திரியில் வலைப்பதிவு எழுதுபவன். வக்கீல் இல்லை. வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் நல்ல வக்கீலிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

பிரஸ் கார்டு இல்லாமல் போகலாமா?

தாராளமாக. நம் அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு வரி கிடையாது. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை, கருத்துரிமை என்கிறது. பெரிய நாளிதழின் நிருபர் நிற்பதும் அதே வரியின் மேல்தான். அதற்கு அடுத்த உட்பிரிவு ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. கார்டு இருந்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுவார்கள், மேடைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருமுறை வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "யாவ பேப்பரு?" என்றார். "ஸ்வந்த பேப்பரு" என்றேன். சொந்தப் பேப்பர்! சிரித்துவிட்டு, ஓரமாக நின்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் சிரிப்பார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வண்டியில் 'பிரஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போவதைவிட, உள்ளதைச் சொல்வது எப்போதும் மேல். பொய் அட்டை காட்டி மாட்டினால் உங்கள் பதிவில் இருக்கும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த மாதிரிக் கூட்டங்கள் எங்கே நடக்கும்?

இப்போதைக்கு ஃப்ரீடம் பார்க்தான். முன்பெல்லாம் டவுன் ஹால் படிக்கட்டு, எம்.ஜி. ரோடு காந்தி சிலை, மௌரியா சர்க்கிள் என்று பல இடங்களில் நடக்கும். போக்குவரத்து நெரிசல் விவகாரம் 2021இல் உயர் நீதிமன்றம் வரை போய், பெங்களூரு நகரப் போராட்டங்களுக்கு என்று தனி உத்தரவே வந்தது. அதன்படி போராட்டம், தர்ணா எல்லாம் ஃப்ரீடம் பார்க்குக்குள். நடந்து போகும் பேரணி என்பதே அபூர்வமாகிவிட்டது. பேரணி என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் ஷாமியானா போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள், பதிவில் உதவும். அது பழைய மத்திய சிறை. கைதிகளைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிய பிறகு (அந்தப் பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை) பூங்காவாக்கி 2008இல் திறந்தார்கள். நடுவில் காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1975 ஜூனில் நாடாளுமன்றக் குழு வேலையாக பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயையும் அத்வானியையும் நெருக்கடி நிலை அறிவித்த கையோடு பிடித்து வைத்தது இங்கேதான். நடிகை ஸ்நேகலதா ரெட்டி 1976இல் இதே சிறையில் எட்டு மாதம் இருந்தார். ஆஸ்துமாக்காரர், சரியான மருத்துவம் கிடைக்கவில்லை. 1977 ஜனவரியில் பரோலில் வெளியே வந்த சில நாளில் இறந்துபோனார். பேசியதற்காக அடைக்கப்பட்டவர்கள் இருந்த இடத்துக்குள்தான் இப்போது பேசுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதை யோசித்துச் செய்தார்களா, தற்செயலா என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

மெட்ரோவில் போவதானால் பர்ப்பிள் லைனில் சென்ட்ரல் காலேஜ் நிலையத்தில் இறங்குங்கள். மெஜஸ்டிக்கில் இறங்கினாலும் நடக்கும் தூரம்தான்.

எழுதப் போகிறவருக்குத் தனியாக அனுமதி வேண்டுமா?

வேண்டாம். நடத்துபவர்கள்தான் போலீஸிடம் வாங்க வேண்டும். வாங்கினார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். டிரோன் மட்டும் வேண்டாம். அதற்கு விதிகள் வேறு, விதான சௌதாவும் பக்கத்தில்.

144 போட்டிருந்தால்?

2024 ஜூலை 1 முதல் அது 144 இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163ஆம் பிரிவு. ஆனாலும் டீக்கடையிலிருந்து நீதிமன்றம் வரை வாயில் வருவது 144தான், இன்னும் பத்து வருடத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

தடை உத்தரவு இருக்கும்போது அங்கே போய் நின்றால், நீங்கள் எழுத வந்தீர்களா கோஷம் போட வந்தீர்களா என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். 2019 டிசம்பர் 19 அன்று டவுன் ஹால் முன்னால் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே போலீஸ் இழுத்துப் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அன்றைய தடை உத்தரவு சட்டப்படி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் நியாயமான கருத்தை அடக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றது. தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். ஆனால் தீர்ப்பு வருவது பிப்ரவரியில், பஸ்ஸில் ஏற்றுவது டிசம்பரில். இதைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கன்னடம் சரியாக வராது. சமாளிக்க முடியுமா?

பாதி முடியும். மீதிப் பாதிக்கு ஒரு கன்னட நண்பரைக் கூட்டிப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. "அர்த்தா ஆகலில்லா, இன்னொந்து சல ஹேளி" என்று ஒரு வரி கற்றுக்கொண்டால் போதும், பெரும்பாலானவர்கள் பொறுமையாகத் திரும்பச் சொல்வார்கள்.

காது பழகினால் தமிழ்க்காரருக்கு இது சுலபம். நம் பகரம் அவர்களுக்குப் பல இடங்களில் ஹகரம்: பால் ஹாலு, புலி ஹுலி, போராட்டம் ஹோராட்டா. ஊர்வலத்துக்கு மெரவணிகே. எங்கள் பாட்டி மாப்பிள்ளை ஊர்வலத்தை மெரவணை என்பாள், அதே வார்த்தை. கருத்துரிமைக்கு அபிவ்யக்தி ஸ்வாதந்த்ர்ய. பேனரில் பெரிதாக இருக்கும். கோஷங்களில் அதிகம் கேட்பது "பேக்கே பேக்கு, நியாய பேக்கு". வேண்டும் வேண்டும், நியாயம் வேண்டும். எதையாவது கண்டிக்கிறார்கள் என்றால் "திக்கார" வந்துவிடும்.

சுலபம் என்று சொன்னதாலேயே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி, சிட்டி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் காலேஜ் மைதானம் வரை பெரிய பேரணி போனது. எல்லார் நெற்றியிலும் கையிலும் "நானு கௌரி". இதற்கு 'நான் கௌரி' என்று அர்த்தம். கடைசி உகரத்தை நீட்டி நானூ என்றால் 'நானும்' ஆகிவிடும். ஒரு மாத்திரை கூடினால் வாக்கியமே வேறு. பேனரில் இருப்பதைக் கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதுங்கள். அது ஒரு நிமிட வேலை.

கையில் என்ன வேண்டும்?

நோட்டு, இரண்டு பேனா, பவர் பேங்க், தண்ணீர், குடை. பெங்களூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் ஒருவர் நம்பரை நோட்டிலும் எழுதி வையுங்கள், போன் கையில் இல்லாமல் போகலாம்.

கூட்டம் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது?

என் தொழில் எண்கள் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுவேன். நடத்தியவர் ஐயாயிரம் என்பார், போலீஸ் ஐந்நூறு என்பார், பத்திரிகைகள் 'திரளானோர்' என்று தப்பித்துக்கொள்ளும். நீங்கள் இந்த மூன்றையும் செய்யாதீர்கள். நீங்களே எண்ணலாம்.

இதழியல் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1960களில் பெர்க்லி மாணவர் கூட்டங்களை மேலே ஜன்னலிலிருந்து பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை சதுர அடி, மூச்சு முட்டினால் இரண்டரை. இடத்தின் பரப்பை இதால் வகுத்தால் ஆள் கணக்கு.

ஷாமியானா அறுபதுக்கு நாற்பது அடி என்று வையுங்கள். 2,400 சதுர அடி. ஆட்கள் கை வீசி நடக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் 240 பேர். தோளோடு தோள் இடித்தால் 530க்குக் கொஞ்சம் மேல். அடி அளக்க டேப் வேண்டாம். தரை கல் பாவியதாக இருந்தால் ஒரு கல்லை அளந்து, கல்லை எண்ணுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தால் இன்னும் சுலபம், வரிசையை எண்ணிப் பெருக்கினால் போயிற்று. எந்த மணிக்கு எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்கு 200 பேர், ஆபீஸ் விட்டு ஆறரைக்கு 450 பேர் என்பது இரண்டு எண், இரண்டும் செய்தி.

இப்படி எண்ணி முன்னூறு என்று எழுதியதற்கு, கூட்டம் நடத்திய நண்பர் ஒருவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. கருத்துரிமைக் கூட்டம் என்பதை நினைவுபடுத்தலாமா என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

முகம் தெரியும்படி போட்டோ போடலாமா?

பொது இடத்தில் நடப்பதைப் படமெடுக்கத் தடை இல்லை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதும் செய்யலாம் என்பதும் ஒன்றல்ல. மேடையில் பேசுபவர் தெரிந்தேதான் ஏறியிருக்கிறார், போடுங்கள். கூட்டத்தில் அட்டை பிடித்து நிற்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு வீட்டு ஓனர் இருக்கிறார், ஹெச்.ஆர். இருக்கிறார், ஊரில் அப்பா இருக்கிறார். கேளுங்கள். "போடலாமா?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் அட்டையை மட்டும், கையோடு எடுங்கள். மருதாணி வைத்த கையும் மார்க்கர் மை அப்பிய விரலும் முகத்தைவிட அதிகம் சொன்ன படங்கள் என்னிடம் இருக்கின்றன.

குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம், பெற்றோர் சரி என்றாலும்.

போலீஸ் போனைக் கேட்டால், அழிக்கச் சொன்னால்?

முதலில் குரலை உயர்த்தாதீர்கள். "எந்தச் சட்டப்படி சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போனைப் பறிமுதல் செய்வதானால் அதற்கு முறை இருக்கிறது. புதிய சட்டத்தில் சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்ததற்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள். போனை முகத்தாலோ விரலாலோ திறக்கும் வசதியை அன்று ஒருநாள் எடுத்துவிட்டு நம்பர் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. படங்கள் உடனுக்குடன் வேறு இடத்தில் சேமிப்பாகும்படி வைத்தால் அழிக்கச் சொல்லும்போது இதயம் இத்தனை வேகமாக அடிக்காது.

பஸ்ஸில் ஏற்றிவிட்டால்?

பி.எம்.டி.சி. பஸ் ஒன்று ஓரமாகக் காத்திருந்தால் அது யாருக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஏதாவது மைதானத்துக்கோ மண்டபத்துக்கோ கொண்டுபோய் உட்காரவைத்து, பெயர் முகவரி எழுதிக்கொண்டு, சாயங்காலம் விடுவார்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, யாருடைய தயவும் இல்லை. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய, பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். விசாரணையின்போது உங்கள் வக்கீலைப் பார்க்கக் கேட்கலாம். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எழுதியதற்காக வழக்கு வருமா?

வரலாம். ஆன்லைனில் 'எரிச்சலூட்டும்' விஷயம் எழுதினாலே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. நிம்மதிதான், ஆனால் மற்றவை இருக்கின்றன. பிரிவினரிடையே பகை மூட்டுவது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 196ஆம் பிரிவு, அவதூறு 356ஆம் பிரிவு. அவதூறில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எழுதியது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காக எழுதினேன் என்பதும் வேண்டும். "நான் சொல்லவில்லை, மேடையில் பேசியவர் சொன்னார்" என்பதும் கவசம் இல்லை. ஒருவர் மைக்கில் இன்னொருவரைத் திருடன் என்றால், அதைப் பெயரோடு அப்படியே போடுவதற்கு முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

இதனாலேயே நான் கூட்டத்திலிருந்து நேரலை செய்வதில்லை. பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமை என்று சத்தத்தையே வெட்டிவிடுவார்கள் என்பது அடுத்த தொல்லை.

நாம் தமிழர்கள், வேறு ஊரில் இருக்கிறோம். இதெல்லாம் நமக்கு எதற்கு?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் பயந்தவர்கள் இல்லை, விவரம் தெரிந்தவர்கள். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை எரிந்துகொண்டிருந்தபோது, ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவனை இந்த ஊரில் அடித்து மன்னிப்புக் கேட்கவைத்து, அதை வீடியோவும் எடுத்தார்கள். இரண்டு நாளில் ஊரில் பஸ்கள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் பதினெட்டு வருடம் சாக்குத் துணிக்குள் நின்றார். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். இரண்டே அடியில் பேசியவருக்கே பதினெட்டு வருடம். 2025இல் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் சென்னையில் பேசியதற்கு, அவர் படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. அந்தப் பேச்சு மொழியியல்படி தப்பு என்பது என் கருத்து, அக்கா தங்கையை அம்மா பெண் ஆக்கினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் தப்பாகப் பேசியவரின் படத்தைத் திரையிடவே கூடாது என்று மிரட்டுவது வேறு விஷயம். உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது.

ஆகவே ஒதுங்கியிருங்கள் என்று சொல்ல எனக்கும் காரணங்கள் தெரியும். இருந்தும் போகச் சொல்கிறேன். இந்த நாட்டுக் கருத்துரிமைச் சட்டத்தில் சென்னை வழக்குகள் கொஞ்சநஞ்சமில்லை. பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகையை மதராஸ் அரசு உள்ளே விடாமல் தடுத்ததிலிருந்துதான் 1950இல் ரொமேஷ் தாப்பர் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பும் ஒரு காரணமாகி அடுத்த வருடமே அரசியலமைப்பின் முதல் திருத்தமும் வந்தது. போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காக ஒரு கருத்தை நிறுத்த முடியாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இடஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்துக்காக. எழுதுவதையே நிறுத்திக்கொண்ட பெருமாள்முருகனை 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி எழுதச் சொன்னது. கன்னடர்கள், சுட்டுக் கொல்லப்பட்ட தங்கள் அறிஞர் கல்புர்கிக்காகவும் கௌரிக்காகவும் கூடும் இடத்தில், இதெல்லாம் தெரிந்த ஒரு தமிழர் நோட்டோடு உட்கார்ந்திருப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஒருவர், நான் தமிழில் கிறுக்குவதைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, போய் பை-டூ காபி வாங்கிவந்து பாதியை என் பக்கம் நீட்டினார். "நம்ம பேரு சரியாகி பரீரி" என்றார். எங்கள் பேரைச் சரியாக எழுதுங்கள். அவருடைய கவலை அதுதான்.

எழுத வந்தவர் கோஷம் போடலாமா?

போடலாம், பதிவில் அதைச் சொல்லிவிடுங்கள். நான் போடுவதில்லை. கொள்கை எல்லாம் இல்லை, கோஷம் போடும்போது எழுத முடிவதில்லை.

எதிர்த்தரப்பு ஆட்களிடமும் பேச வேண்டுமா?

பேசுங்கள். பெரும்பாலும் வாசலுக்கு எதிரே பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். கருத்துரிமைக் கூட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு, எதிர்த்தவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டால் பதிவு நொண்டும். "அவர்களும் கூச்சலிட்டனர்" என்று முடிக்காமல், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே இரண்டு வரி கொடுங்கள். ஆள் கூடி நெருக்கினால் மட்டும் விலகி வந்துவிடுங்கள்.

தப்பாக எழுதிவிட்டால்?

திருத்துங்கள், ஆனால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். முன்பு என்ன இருந்தது, எப்போது மாற்றினீர்கள் என்று பதிவின் அடியிலேயே எழுதுங்கள். கூட்டத்தில் ஒரு அம்மா பாடியதைக் கன்னட வசனம் (அவர்களுடைய பழைய பக்திக் கவிதை) என்று நான் எழுதியிருந்தேன். அது தெலுங்குப் பாட்டு என்று மறுநாள் காலையிலேயே முர்பி டவுனிலிருந்து போன். "அந்தம்மா எங்க தெருதான் சார், கன்னடமே அவங்களுக்கு வராது" என்றார்கள். திருத்திவிட்டு, அந்தப் பாட்டை எழுதி வாங்க ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன்.